சம்பளம் வந்த நாள்ல ஏன் மனசு நிறைய மாட்டேங்குது? மூணு வரி நோட்டும் அதோட பணக் கணக்கும்



இன்னைக்கு எஸ்.ஐ.பி., தங்கம், டேர்ம் இன்சூரன்ஸ் எதுவும் பேசப் போறதில்ல. ஒரு சின்ன நோட்டைப் பத்திப் பேசப் போறோம். பெட்டிக்கடையில கிடைக்கிற சாதாரண நோட்டு. இதுக்கும் பணத்துக்கும் என்ன சம்பந்தம்னு நீங்க கேக்குறது எனக்குப் புரியுது. சம்பந்தம் இருக்கு, பொறுமையா படிங்க.

ஒரகடம் கூட்ரோட்டுல ஒரு டீக்கடை. செகண்ட் ஷிப்ட் பஸ்ஸுக்காக நின்னுட்டிருந்த ஒரு தம்பி என்கிட்ட பேச ஆரம்பிச்சாரு. வயசு 24, டிப்ளமோ மெக்கானிக்கல், தென்காசிப் பக்கம் ஊரு. மாத்தூர்ல நாலு பேரோட ரூம். கான்ட்ராக்ட்ல ரெண்டரை வருஷம் ஓடிடுச்சு. முந்தின நாள்தான் சம்பளம் ஏறியிருக்கு.

"அண்ணா, கிரெடிட் மெசேஜ் வந்தப்போ ஒரு சந்தோஷமும் இல்லண்ணா. பைக் டியூ, போன் டியூ, ரூம் வாடகைன்னு அப்பவே போயிடுச்சு. பக்கத்து லைன்ல பெர்மனென்ட் ஆளு இதே வேலைக்கு என்னை விட ரெண்டு மடங்கு வாங்குறாரு. அதை நினைச்சா, இதெல்லாம் ஒரு சம்பளமான்னு தோணுது" அப்படின்னாரு.

இந்த ஆதங்கத்துல நியாயம் இருக்கு. அதைப் பத்திப் பின்னாடி பேசுறேன். ஆனா என்னை யோசிக்க வச்சது அவர் அடுத்து சொன்னது. அன்னைக்கு ராத்திரியே ஒரு புது போன் இ.எம்.ஐ.ல ஆர்டர் போட்டிருக்காரு. பழைய போனுக்கே நாலு டியூ பாக்கி. "ஏன் தம்பி?"ன்னு கேட்டேன். "மனசு ஒரு மாதிரி இருந்துச்சுண்ணா."

நம்ம பட்ஜெட் ஷீட்ல வாடகை, மளிகை, பெட்ரோல் எல்லாத்துக்கும் ஒரு காலம் இருக்கும். "மனசு ஒரு மாதிரி இருந்துச்சு"ங்கிற செலவுக்குக் காலமே இருக்காது. நிறைய பேருக்குப் பணம் ஒழுகுற ஓட்டை அங்கதான் இருக்கு.

இதைப் பத்தி 2014ல ஒரு ஆய்வு வந்துச்சு. டேவிட் டெஸ்டெனோங்கிற அமெரிக்க உளவியல் பேராசிரியரும் அவர் கூட இருந்தவங்களும் செஞ்சது. 75 பேரை மூணு குழுவா பிரிச்சாங்க. ஒரு குழு தங்களுக்கு நன்றியுணர்வு வந்த ஒரு சம்பவத்தை நினைச்சு எழுதணும். இன்னொரு குழு சந்தோஷமான சம்பவத்தை எழுதணும். மூணாவது குழு சாதாரண ஒரு நாளை எழுதணும். அப்புறம் பணக் கேள்வி: மூணு மாசம் கழிச்சு 85 டாலர் வேணுமா, இல்ல இப்பவே கையில கொஞ்சம் கம்மியா வேணுமா? சாதாரண நாளை எழுதினவங்க சராசரியா 55 டாலர் இப்பவே கிடைச்சா போதும், 85ஐ விட்டுடலாம்னாங்க. நன்றியை நினைச்சவங்களுக்கு 63 டாலராவது வேணும், இல்லன்னா காத்திருக்கத் தயார். இதுல முக்கியமான விஷயம், சந்தோஷமா இருந்தவங்களும் சாதாரணமா இருந்தவங்க மாதிரியேதான் அவசரப்பட்டாங்க. அதாவது பொறுமையைக் கூட்டினது நன்றியுணர்வு மட்டும்தான்.

75 பேரை வச்சு செஞ்ச ஒரே ஒரு ஆய்வு, அதுவும் அமெரிக்காவுல. அதை வச்சு "நன்றி சொன்னா கோடீஸ்வரன் ஆகலாம்"னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நம்ம தம்பி பண்ணினதையும் இதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. கையில எதுவுமே இல்லைன்னு தோணுற ராத்திரியிலதான் விரல் "பை நௌ" பட்டனுக்குப் போகுது.

எதுவுமே இல்லைன்னு ஏன் தோணுது? லைன்ல வேலை பார்க்குறவங்களுக்கு இதைச் சுலபமா சொல்லிடலாம். லைன் முடிவுல ஒரு போர்டு இருக்கும். பிளான் எவ்வளவு, ஆக்சுவல் எவ்வளவு, ரிஜெக்ஷன் எவ்வளவு. 480 பீஸ் ஓகே ஆனதும் அதுல இருக்கும், 3 பீஸ் என்.ஜி. ஆனதும் இருக்கும். நம்ம மனசுல இருக்கிற போர்டுல ரிஜெக்ஷன் மட்டும்தான் ஏறும். கம்பெனி பஸ் கரெக்டா வந்தது, ரூம்ல தண்ணி வந்தது, நைட் ஷிப்ட்ல பக்கத்து ஆளு அஞ்சு நிமிஷம் மெஷினைப் பார்த்துக்கிட்டது, இதெல்லாம் கணக்குல ஏறவே ஏறாது. அந்த மூணு வரி நோட்டோட வேலை, ஓகே ஆன பீஸையும் எண்ணுறது.

நமக்கு இது புதுசும் இல்ல. ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து ஒரகடம், வல்லம் வடகால் வரைக்கும் ஆயுத பூஜை சமயத்துல பாருங்க. ரோபோ ஆர்ம் இருக்கிற லைன்லயும் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. ஸ்பேனருக்கும் ஒரு பொட்டு. பொரி, பொட்டுக்கடலை, ஸ்வீட் பாக்ஸ். வருஷம் முழுக்க சோறு போடுற பொருளை ஒரு நாள் நின்னு பார்க்குற பழக்கம் அது. மீதி நாள்ல "இந்த மெஷின் ஒரு தலைவலி"ன்னுதான் பேசுவோம், அது வேற விஷயம்.

சரி, நோட்டுல என்ன எழுதணும்? ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோங்கிற ரெண்டு பேர் 2003ல வெளியிட்ட ஆய்வுதான் இதுல அடிக்கடி பேசப்படுறது. நன்றிக்குரியதை எழுதினவங்க, எரிச்சல்களை எழுதினவங்களை விட வாழ்க்கையைப் பத்தி நல்லா உணர்ந்தாங்க. 2005ல மார்ட்டின் செலிக்மேன் குழு இன்னும் எளிமையாக்கிச்சு: ராத்திரி மூணு நல்ல விஷயம் எழுது, ஒவ்வொண்ணும் ஏன் நடந்துச்சுன்னும் எழுது. ஒரு வாரம்தான் செய்யச் சொன்னாங்க. பலன் ஆறு மாசம் வரைக்கும் தெரிஞ்சது, முக்கியமா தாங்களாவே தொடர்ந்து எழுதினவங்களுக்கு.

அந்த "ஏன்" தான் உயிர். "குடும்பம், ஆரோக்கியம், கடவுள்"னு தினமும் அதே மூணை எழுதினா நாலாவது நாள் அது அட்டெண்டன்ஸ் கையெழுத்து மாதிரி ஆயிடும். "இன்னைக்கு டூல் உடைஞ்சும் லைன் நிக்கல. ஏன்னா முந்தின ஷிப்ட்ல ஸ்பேர் எடுத்து வச்சுட்டுப் போயிருந்தாங்க." இப்படி எழுதணும். இதுல ஒரு ஆளு இருக்காரு, ஒரு காரணம் இருக்கு. மூணுல ஒரு வரி பணத்தைப் பத்தி இருக்கட்டும்னு நான் சொல்லுவேன்.

"தூங்கப் போறதுக்கு முன்னாடி எழுதுங்க"ன்னு எல்லா புத்தகத்துலயும் இருக்கும். ஷிப்ட் மாறி மாறி வர்றவங்களுக்கு அது வேலைக்கு ஆகாது. இந்த வாரம் ராத்திரி 11 மணிக்குத் தூக்கம், அடுத்த வாரம் காலையில 9 மணிக்கு. அதனால கடிகாரத்தை விட்டுடுங்க. ரூமுக்கு வந்து ஐ.டி. கார்டைக் கழட்டி ஆணியில மாட்டுவீங்க இல்ல? நோட்டையும் பேனாவையும் அந்த ஆணியிலயே தொங்க விடுங்க. எந்த ஷிப்டா இருந்தாலும் கார்டைக் கழட்டித்தானே ஆகணும்! தினமும் எழுதிச் சலிச்சுப் போச்சுன்னா வாரம் ஒரு தடவை எழுதுங்க, தப்பே இல்ல. சோன்யா லியுபோமிர்ஸ்கியோட ஆய்வுல வாரம் மூணு தடவை எழுதினவங்களை விட ஒரு தடவை எழுதினவங்களுக்குத்தான் பலன் கிடைச்சது.

பணத்தைப் பத்தின வரிக்கு எங்க போறதுன்னா, பே ஸ்லிப்பை எடுங்க. நிறைய பேர் பிடித்தம் பக்கத்தை மட்டும் பார்த்துட்டு வயிறு எரிவாங்க. பேசிக், டி.ஏ. சேர்ந்து 15,000 ரூபாய்னா உங்ககிட்ட பி.எஃப். 1,800 பிடிக்கிறாங்க. கம்பெனி பங்கும் 1,800. அதுல 1,250 பென்ஷன் கணக்குக்கும் 550 பி.எஃப். கணக்குக்கும் போகுது. இ.எஸ்.ஐ.ல சம்பளம் 20,000னா உங்க பங்கு 150 ரூபாய், அவங்க பங்கு 650. கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் பி.எஃப்.ஐ உடைச்சு எடுக்குற பழக்கம் இந்தப் பக்கம் ரொம்ப ஜாஸ்தி. யு.ஏ.என். ஒண்ணுதான், அதை விடாம டிரான்ஸ்ஃபர் பண்ணிட்டே வாங்க. பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் வேணும்ங்கிறதை மறந்துடாதீங்க.

இப்போ அந்த நியாயமான ஆதங்கத்துக்கு வரேன். "வேலை கிடைச்சதே பெருசு, நன்றியோட இரு, சம்பளம் பத்திப் பேசாத"ன்னு சொல்றவங்க இருக்காங்க. நான் சொல்ற நன்றி அது இல்லவே இல்ல. பே ஸ்லிப்ல இருக்கிற அந்த 650 ரூபாய் யாரோ இரக்கப்பட்டுப் போட்டது கிடையாது. 1948 இ.எஸ்.ஐ. சட்டமும் 1952 பி.எஃப். சட்டமும் சும்மா வரல. 1918ல பி.பி. வாடியா தலைமையில மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பிச்சாங்க. திரு.வி.க. அதுல உழைச்சாரு. 1923ல சிங்காரவேலர் சென்னையில மே தினம் கொண்டாடினாரு. அப்போ தெருவுக்கு வந்தவங்க யாரும் நம்ம பேரைக் கேட்டதில்ல. அவங்களையும் ஒரு நாள் நோட்டுல எழுதுங்க. எழுதிட்டு, உங்க ஓ.டி. கணக்கு சரியா வந்திருக்கான்னு பார்த்து, வரலைன்னா கேளுங்க. ரெண்டும் ஒரே ஆளால செய்ய முடியும்.

இன்னொரு குழி இருக்கு, நானே விழுந்தேன். நன்றிக்கடன்! எனக்கு முதல் வேலை வாங்கிக் கொடுத்தவர், நாலு வருஷம் கழிச்சு ஒரு லோனுக்கு ஜாமீன் கையெழுத்து கேட்டாரு. "அண்ணன் இல்லன்னா நான் ஏது"ன்னு பேப்பரைப் படிக்காமலே போட்டேன். அவர் மூணாவது தவணையோட நிறுத்திட்டாரு. பதிமூணு மாசம் நான் கட்டினேன். 1872ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டம் 128வது பிரிவுப்படி, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலைன்னா, கடன் வாங்கினவருக்கு இருக்கிற அதே பொறுப்பு ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. திருக்குறள்ல செய்ந்நன்றி அறிதல்னு தனி அதிகாரமே இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச அதிகாரம். ஆனா நன்றியை ஸ்டாம்ப் பேப்பர்ல காட்டணும்னு எங்கயும் இல்ல. அவர் பொண்ணுக்கு ஃபீஸ் கட்ட என் கையில இருக்கிறதைக் கொடுத்திருக்கலாம். ஆஸ்பத்திரிக்குக் கூட போய் நின்னிருக்கலாம். கையெழுத்து மட்டும் வேண்டாம், நண்பர்களே.

இருக்கிறதைக் கவனிக்க ஆரம்பிச்சா, அது போகலாம்ங்கிறதும் சேர்ந்து கண்ணுல படும். ஸ்ரீபெரும்புதூர்ல பழைய ஆளுங்களுக்கு நோக்கியா ஞாபகம் இருக்கும். 2006ல ஆரம்பிச்ச பிளான்ட், ஆயிரக்கணக்கான பேருக்கு முதல் சம்பளம் கொடுத்தது, 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தியை நிறுத்திடுச்சு. சில வருஷம் கழிச்சு அதே இடத்தை சால்காம்ப் எடுத்து மறுபடி வேலை நடக்குது. ஆனா நடுவுல இருந்த வருஷங்களுக்கு வாடகை யாரு கொடுப்பா? அதனால நோட்டுல பண வரி எழுதுற அன்னைக்கே ஒரு சின்ன தொகையை ஆர்.டி.ல போட வச்சுக்கோங்க. 500 ரூபாய்ல ஆரம்பிங்க. மூணு மாசச் செலவு சேர்ற வரைக்கும் தொடாதீங்க.

கடைசியா ஒண்ணு. எழுதினதைச் சொல்லவும் செய்யுங்க. நம்ம வீட்டுல அம்மாகிட்டயோ பொண்டாட்டிகிட்டயோ "நன்றி"ன்னு சொன்னா சிரிப்பாங்க, அது மேடையில பேசுற வார்த்தை. அதனால விஷயத்தைச் சொல்லுங்க. "குழம்பு இன்னைக்கு நல்லா இருந்துச்சு" போதும்.

அந்தத் தம்பி போன் ஆர்டரை மறுநாளே கேன்சல் பண்ணிட்டாரு. இன்னும் பெர்மனென்ட் ஆகல, அந்தக் கோபமும் குறையல. மாசம் 1,500 ஆர்.டி. போகுது, மூணு மாசம் ஆச்சு. நோட்டைக் காட்டச் சொன்னேன். பாதி நாள் காலியாத்தான் இருந்துச்சு. ஒரு பக்கத்துல இப்படி எழுதியிருந்தாரு: "கேன்டீன் அக்காகிட்ட சாம்பார் நல்லா இருக்குன்னு சொன்னேன். இத்தனை வருஷத்துல நீதான் தம்பி மொத ஆளுன்னாங்க. ஏன் நடந்துச்சுன்னா, இன்னைக்கு நிஜமாவே நல்லா இருந்துச்சு."