ஆராய்ச்சிப் புரதமும் மருந்துப் புரதமும்

புரதம் செட்டிநாட்டிற்குப் புதியதொரு பொருளன்று. காரைக்குடியிலும் சுற்றுப்புற ஊர்களிலும் உள்ள பழைய மாளிகைகளின் சுவர்ப்பூச்சுப் பளிங்கெனத் துலங்குமாறு, நம் கொத்தர் சுண்ணாம்புச் சாந்துடன் முட்டையின் வெண்கருவைச் சேர்த்தனர். நீர் நீங்கலாக அவ்வெண்கருவில் மிகுந்திருப்பது புரதமே. உணவாகும் முட்டை சாந்திற் கலந்தபின் உணவாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? பொருள் ஒன்றாயினும் அதனைப் பக்குவஞ்செய்யும் முறையால் அதன் பயன் வேறாகின்றது. இவ்வுண்மையை மனத்திற்கொண்டு, நுண்ணுயிர்களின் வாயிலாக ஆக்கப்பெறும் மானிட ஹார்மோன்களைப்பற்றி ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஹார்மோன் என்பது யாது? உடலின் ஓரிடத்திலுள்ள சுரப்பியிற் றோன்றிக் குருதியிற் கலந்து சென்று, பிறிதோரிடத்திலுள்ள உறுப்பினை ஏவும் பொருளே ஹார்மோன் எனப்படும். கணையத்திற் சுரக்கும் இன்ஸுலின், குருதியிலுள்ள சர்க்கரையைத் தசை முதலியன ஏற்குமாறு செய்கின்றது. அது 51 அமினோ அமிலங்கள் இரு தொடர்களாய் இணைந்த சிறு புரதம். அது குறைந்தாலும், தன் தொழிலைச் செவ்வனே ஆற்றாவிடினும் நீரிழிவு உண்டாகின்றது.

1922-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் நாள், கனடா நாட்டு டொராண்டோ நகரில், நீரிழிவால் நலிந்த 14 வயதுச் சிறுவனொருவனுக்கு மாட்டுக் கணையத்தின் சாறு செலுத்தப்பட்டது. பயன் சிறிதே விளைந்தது. ஊசி குத்திய இடத்திற் கட்டியும் தோன்றிற்று. காலிப் என்னும் அறிஞர் அச்சாற்றினை மேலுந் தூய்மை செய்தனர். 23-ஆம் நாள் முதல் அதனைச் செலுத்தவே, சிறுவன் தேறினான். முன்னைச் சாற்றிலும் இன்ஸுலின் இருந்தது. பின்னைச் சாற்றிலும் அதுவே இருந்தது. உயிர் காத்தது தூய்மையே.

பின்னர்ப் பல்லாண்டுகள் மாடு, பன்றி ஆகியவற்றின் இன்ஸுலினே மக்களுக்குப் பயன்பட்டது. மானிட இன்ஸுலினினின்று பன்றியினது ஓர் அமினோ அமிலத்தாலும், மாட்டினது மூன்றாலும் வேறுபடும். ஒரு புரதத்தைத் தொடுக்கும் முறை மரபணுவில் அமைந்துளது. 1978-இல் அமெரிக்க அறிஞர், மானிட இன்ஸுலினின் இரு தொடர்களுக்குமுரிய மரபணுக்களை ஆக்கி, எஷரிக்கியா கோலை என்னும் பாக்டீரியத்துட் புகுத்தினர். அது தனித்தனியே ஈந்த தொடர்களைப் பின்பு ஒன்றாய் இணைத்தனர். 1982-இல் அந்நாட்டில் இது மருந்தாக ஒப்புக்கொள்ளப்பட்டது. நம் நாட்டில் 2003-இல் வொக்கார்ட் நிறுவனமும், 2004-இல் பெங்களூர்ப் பயோகான் நிறுவனமும் இத்தகைய இன்ஸுலினை விற்பனைக்குக் கொணர்ந்தன. பயோகான் இதற்குப் பிக்கியா என்னும் ஈஸ்டைப் பயன்படுத்திற்று.

இம்முறையாலேயே ஆராய்ச்சிச்சாலைகளுக்கும் பல மானிடப் புரதங்கள் ஆக்கப்படுகின்றன. எளிதிற் பிரித்தெடுத்தற்பொருட்டு, ஆறு ஹிஸ்டிடின்கள் கொண்ட வாலொன்றைப் புரதத்துடன் சேர்ப்பதுண்டு. நிக்கல் ஏற்றிய குழாயில் அவ்வால் பற்றிக்கொள்ள, ஏனையவை கழுவப்பட்டு ஒழியும். ஆயினும் பாக்டீரியத்தின் புறச்சுவரிலுள்ள எண்டோடாக்ஸின் என்னும் நஞ்சு எஞ்சி நிற்றல் கூடும். கண்ணாடிக் குழாயில் நிகழும் பல சோதனைகளுக்கு அஃது இடையூறன்று. மானிடக் குருதியிற் புகுந்தால் காய்ச்சலையும், மிகுந்தால் உயிர்க்கேட்டையும் விளைக்கும். ஆதலின் மருந்தாகும் புரதத்தில் இந்நஞ்சின் அளவு, கிருமியின்மை, வீரியம் ஆகிய அனைத்தும் தொகுதிதோறும் சோதிக்கப்படுகின்றன. “ஆராய்ச்சிக்கு மட்டும்” எனப் பொறித்த புட்டிக்கு அத்தகைய உறுதியில்லை.

வளர்ச்சி ஹார்மோனின் வரலாறும் இதனையே வலியுறுத்தும். முன்னாளில் இறந்தோரின் பிட்யூட்டரிச் சுரப்பியினின்று அதனை எடுத்துக் குள்ளமான குழந்தைகளுக்கு அளித்தனர். அவருட் சிலர், அதனுடன் மறைந்து வந்த க்ரூட்ஸ்பெல்ட்–யாக்கோப் என்னும் மூளை நோயால் மாண்டமை 1985-இல் வெளிப்பட்டது. அவ்வாண்டே பாக்டீரியத்தால் ஆக்கிய ஹார்மோன் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஹார்மோன் தீதன்று, உடன் வந்ததே தீது.

ஆகலின், உடல்வன்மை விரும்பி ஆராய்ச்சிப் புட்டியிலுள்ளதை ஊசியால் ஏற்றிக்கொள்ளும் இளைஞர், சாந்திற் கலந்த வெண்கருவை உண்ண முற்படுவாரை ஒப்பர். அழகப்பா பல்கலைக்கழகத்தில் உயிர்த்தொழில்நுட்பம் பயிலும் நம் காரைக்குடி மாணவர் போன்றார்க்கோ அப்புட்டி அரியதொரு கருவி. புரதத்தின் பெயரையன்றி, அது பிறந்த இடத்தையும் தூய்மையையும் முதற்கண் வினவுதல் கற்றார் கடனாம்.