மூடிய சூளையில் ஒரு பாடம்

எட்டாம் வகுப்பில் ஹங்கேரியின் நாடுட்வர் ஊர் மண்பாண்டப் படங்களைக் காட்டினேன். அங்கே ஃபசெகஷ் என்ற குடும்பம் தலைமுறைகளாகச் செய்யும் பானைகள் கன்னங்கரேலென மின்னும். வீட்டுப் பட்டறையே காட்சிக்கூடமும்கூட. (அந்தக் குடும்பப் பெயருக்கே ஹங்கேரிய மொழியில் குயவர் என்றுதான் பொருள்.) "கறுப்பு வண்ணம் பூசியிருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டேன்.

கடைசி வரிசையில் வழக்கமாக வாய் திறக்காத மாணவி எழுந்தாள். "இல்ல டீச்சர், சூளைய மூடிட்டா பானை கறுத்துரும். எங்கப்பா அத வெல போகாதுன்னு ஒதுக்கி வச்சிருவாரு." அப்பா குயவர் என்பதை அவள் அதுவரை வகுப்பில் சொன்னதில்லை.

வீட்டுக்குப் போய்ப் படித்துப் பார்த்தேன். அவள் சொன்னதே சரி. களிமண்ணிலுள்ள இரும்பு, காற்று கிடைத்தால் சிவப்பு ஆக்சைடாகும். நாடுட்வரில் சுடுவதன் இறுதியில் சூளையின் வாய்களை அடைத்துவிடுவார்கள். ஆக்சிஜன் இல்லாததால் இரும்பு கறுப்பு ஆக்சைடாக மாறும், புகைக்கரியும் படியும். மினுமினுப்பு, சுடுவதற்கு முன் கூழாங்கல்லால் தேய்ப்பதால் வருவது. கீழடியின் கறுப்பு சிவப்புப் பானைகளிலும் இதே வேதியியல்தான்.

மறுநாள் பாடத்தைத் திருத்தி மீண்டும் நடத்தினேன். சமூக அறிவியலில் தொடங்கியது அறிவியலுக்குள் போய்விட்டது, பாடவேளை போதவில்லை. அவள் இரண்டு ஓட்டாஞ்சில்லுகளைக் கொண்டுவந்திருந்தாள், ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. இரண்டும் ஒரே கண்மாய் மண்.