சக்கரத்தைச் சுழற்றும் தண்டும் அதன் மூட்டுகளும்

பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் நம்மில் பலர் ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகக் காரிலேயே ஊருக்குப் புறப்பட்டு விடுகிறோம். புறப்படும் முன் ஆயில், டயர், பிரேக் எல்லாம் பார்க்கிறோம். எஞ்சினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கும் தண்டை மட்டும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அது முறிந்தால் எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் வண்டி நகராது.

மூட்டு எதற்கு?

கியர் பெட்டி வண்டியின் உடலோடு இருப்பது. சக்கரமோ மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஏறி இறங்குவது. இரண்டையும் வளையாத ஒரே தண்டால் இணைக்க முடியாது. அதனால்தான் மூட்டு வேண்டியிருக்கிறது.

லாரி, பஸ், ஜீப், பழைய அம்பாசடர் போன்ற வண்டிகளில் எஞ்சின் முன்னே இருக்கிறது. இழுவை பின் சக்கரத்தில். நடுவே நீண்ட புரொப்பெல்லர் ஷாஃப்ட். அதன் இரு முனையிலும் கூட்டல் குறி வடிவில் 'கிராஸ்' இருக்கும். 17-ஆம் நூற்றாண்டு விஞ்ஞானி ராபர்ட் ஹூக்கின் பெயரால் வழங்கும் மூட்டு இது.

இதில் ஒரு குறை உண்டு. தண்டு சாய்வாக நின்று சுழலும்போது, ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடும், இரண்டு முறை குறையும். சாய்வு 20 டிகிரி என்றால் இந்த ஏற்ற இறக்கம் நூற்றுக்கு ஆறு. இரண்டாவது மூட்டு இதை நேர் செய்துவிடும். ஆனால் இரு மூட்டின் சாய்வும் சமமாக இருக்க வேண்டும். தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும்.

உறவினர் ஒருவரின் பழைய ஜீப்பில் கிராஸ் மாற்றிய பிறகு, வேகம் கூடினாலே தரை அதிர்ந்தது. பட்டறையில் வீல் பேலன்ஸ் என்றார்கள், பிறகு கியர் பெட்டி என்றார்கள். செலவு ஏறியதுதான் மிச்சம். கீழே படுத்துப் பார்த்தேன். தண்டை இரண்டாகக் கழற்றியவர்கள் சில பற்கள் தள்ளி மாட்டியிருந்தார்கள். கவைகள் நேராக இல்லை. சரியாக மாட்டியதும் அதிர்வு நின்றது. கழற்றுமுன் இரு பகுதியிலும் ஒரு சாக்பீஸ் கோடு போட்டிருந்தால் இந்த வம்பே இல்லை.

முன் சக்கர இழுவை

1983-இல் வந்த மாருதி 800 முன் சக்கர இழுவையை நம் வீடுகளுக்குக் கொண்டு வந்தது. இன்று பெரும்பாலான சிறு கார்கள் இவ்வகையே. முன் சக்கரம் ஸ்டியரிங்கோடும் திரும்ப வேண்டும். 40 டிகிரி சாய்வில் ஹூக் மூட்டின் வேகம் நூற்றுக்கு முப்பது வரை கூடும், வண்டி உதறும். எனவே 1920-களில் ஆல்ஃபிரட் ரெப்பா உருவாக்கிய குண்டு மூட்டு பயன்படுகிறது. இதிலுள்ள ஆறு எஃகுக் குண்டுகளும் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்திலேயே நிற்பதால் இருபுறமும் ஒரே வேகம்.

இந்த மூட்டின் உயிர் அதன் ரப்பர் பூட்டில் இருக்கிறது. பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியேறும். மண்ணும் மழைநீரும் உள்ளே போய்க் குண்டுகளை அரிக்கும்.

நீங்களே பார்க்கலாம்

1. ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி நிறுத்தி, சக்கரத்தின் பின்புறம் டார்ச் அடியுங்கள். கிரீஸ் தெறித்திருந்தால் பூட் கிழிந்திருக்கிறது.

2. காலி மைதானத்தில் முழு வளைவில் மெதுவாக ஓட்டுங்கள். 'டக் டக்' என்றால் வெளிமூட்டு தேய்ந்துவிட்டது. இடம், வலம் இரண்டும் பாருங்கள்.

3. நேராகப் போகையில் ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் மட்டும் உதறினால் உள்மூட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

4. பின் சக்கர இழுவையில், ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றும்போது 'டணக்' என்றால் கிராஸைப் பாருங்கள்.

சத்தம் வருமுன் கண்டால் மூட்டைக் கழுவிப் புதுக் கிரீஸும் புதுப் பூட்டும் போதும். சத்தம் வந்தபின் கிரீஸ் அடைத்துப் பயனில்லை. மூட்டையே மாற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

டெம்போ, லாரி வைத்திருப்போருக்கு ஒரு சொல். ரயில் பெட்டியில் பிரேக் கம்பிகளுக்கு அடியில் பாதுகாப்புப் பட்டை கட்டியிருப்போம். பின் கழன்றாலும் கம்பி தண்டவாளத்தில் விழாது. உங்கள் வண்டியின் ஷாஃப்ட்டுக்கு அடியிலுள்ள வளையமும் அதற்குத்தான். முன்முனை விழுந்து சாலையில் குத்தினால் வண்டியையே தூக்கிவிடும். பட்டறையில் அதைக் கழற்றினால், திரும்ப மாட்டும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

ஊருக்குக் கிளம்பும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கிக் குனிந்து பாருங்கள். குடும்பத்தோடு நடுவழியில் நிற்பதைவிட அது எளிது.