பழைய சைக்கிள் சாமான்: அளவு தெரிந்தவருக்கே வியாபாரம்

காயலாங்கடைத் தராசில் எல்லா சைக்கிளும் ஒன்றுதான். இரும்புக்கு ஒரு விலை, அலுமினியத்துக்கு ஒரு விலை. அதே சைக்கிளைப் பிரித்து, ஹப் எத்தனை மி.மீ., கிராங்க் எந்த வகை, ரிம் எந்த எண் என்று எழுதி வைத்தால் ஒவ்வொரு சாமானுக்கும் தனி விலை கிடைக்கிறது. வாங்க வருபவர் பணம் கொடுப்பது அந்த உலோகத்துக்கு மட்டும் இல்லை. "இது உங்கள் வண்டிக்குச் சேரும்" என்று நீங்கள் தரும் உறுதிக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். அந்த உறுதியைத் தரத் தெரிந்தவர்கள் குறைவு. தொழிலாக இதில் இடம் இருப்பது அதனால்தான்.

பஞ்சர் கடையிலிருந்து அடுத்த படி ஏற நினைப்பவர், ஐ.டி.ஐ. முடித்துச் சிறு முதலில் தொழில் தேடுபவர், வாடகை சைக்கிள் நடத்துபவர் என்று யாரும் இதைத் தொடங்கலாம். நம் ஊரில் இரண்டு தலைமுறை சைக்கிள்கள் ஒரே தெருவில் ஓடுகின்றன. ஒன்று, கம்பி பிரேக் போட்ட பழைய கறுப்பு ரோட்ஸ்டர். மற்றொன்று கியர் சைக்கிள். 2020 ஊரடங்கின்போது வாங்கப்பட்ட கியர் சைக்கிள்கள் பல, இன்று அடுக்ககங்களின் தரைத்தளத்தில் தூசி படிந்து நிற்கின்றன. இரண்டுக்கும் சாமான் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டின் அளவுகளும் வேறு.

முதலில் வாங்க வேண்டியவை

சரக்கு வாங்குமுன் கருவி வாங்குங்கள். வெர்னியர் காலிப்பர், 12 அங்குல எஃகு ஸ்கேல், மரை அளவி, கிராங்க் புல்லர், ஃப்ரீவீல் கழற்றி, கேசட் கழற்றி, செயின் கட்டர், 15 மி.மீ. பெடல் ஸ்பானர். இவற்றோடு ஒரு நோட்டும் அட்டைச் சீட்டுகளும். கழற்றிய சாமானில் அன்றே சீட்டுக் கட்ட வேண்டும். அளவு எழுதாமல் டப்பாவில் போட்டது மறுபடி காயலாங்கடைக்குத்தான் போகும்.

டயரும் ரிம்மும்: அங்குலத்தை நம்பாதீர்கள்

"26 இஞ்ச் டயர்" என்று கேட்டு வருபவரிடம் உடனே எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது. 26 x 1 3/8 என்று பின்னத்தில் எழுதிய டயர் உட்காரும் விட்டம் 590 மி.மீ. 26 x 1.95 என்று புள்ளி வைத்து எழுதிய மவுண்டன் பைக் டயருக்கு அது 559 மி.மீ. ஒன்றின் டயர் மற்றதன் ரிம்மில் ஏறாது. ரோட்ஸ்டரின் 28 x 1 1/2 என்பது 635. கியர் சைக்கிளின் 700சி, மவுண்டன் பைக்கின் 29 இரண்டுமே 622. 27.5 என்பது 584. பழைய ரேஸ் சைக்கிளின் 27 x 1 1/4 என்பது 630.

பெரும்பாலான டயர்களின் பக்கவாட்டில் "37-622" போன்ற எண் இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது விட்டம். இரண்டாவது எண் ஒத்துப்போனால்தான் டயர் சேரும். சீட்டில் அதையே எழுதுங்கள்.

ரிம் விற்கும்போது ஸ்போக் துளைகளை எண்ணுங்கள். ரோட்ஸ்டரில் முன்னே 32, பின்னே 40 என்பது வழக்கம். கியர் சைக்கிளில் பெரும்பாலும் 32 அல்லது 36. ஹப்பும் ரிம்மும் ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டும். வால்வு துளையையும் பாருங்கள். மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குத் துளைத்த ரிம்மில் சாதாரண வால்வு நுழையாது.

பெடல், கிராங்க், நடு ஆக்ஸில்

மூன்று துண்டாக வரும் கிராங்கில் பெடல் மரை 9/16 அங்குலம். கிராங்க் முழுவதும் ஒரே வளைந்த கம்பியாக இருந்தால் 1/2 அங்குலம். இடது பெடலுக்கு இடது மரை என்பதை எந்த மெக்கானிக்கும் அறிவார்; வாங்குபவர் அறிய மாட்டார். ஸ்பானரை மேல்நோக்கிப் பிடித்து முன்சக்கரப் பக்கம் திருப்பினால் இரண்டு பெடலும் இறுகும், பின்பக்கம் திருப்பினால் இரண்டும் கழலும் என்று சொல்லி அனுப்புங்கள். இல்லாவிட்டால் மரை தின்ற கிராங்க் உங்களிடமே திரும்பி வரும்.

நடு ஆக்ஸில் கப்பில் மிகப் பரவலானது 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. செயின் பக்கக் கப் இடது மரை. இங்கிலாந்தில் செய்த பழைய ராலே வண்டிகளில் அங்குலத்துக்கு 26 மரை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும், கையால் இரண்டு சுற்று ஏறவும் செய்யும். அதற்கு மேல் முறுக்கினால் ஃப்ரேமின் மரை போய்விடும். மரை அளவி வைத்துப் பார்த்த பிறகே ஸ்பானரைத் தொடுங்கள்.

கிராங்க் வகையையும் சீட்டில் எழுதுங்கள்: காட்டர் பின் போட்டதா, சதுர ஆக்ஸிலா, 24 மி.மீ. குழாய் ஆக்ஸிலா. காட்டர் கிராங்கில் அந்தப் பின்னின் விட்டமும் முக்கியம். அரை மி.மீ. வித்தியாசம் இருந்தாலும் பெடல் மிதிக்கும்போது ஆடும்.

ஹப், ஃப்ரீவீல், கேசட், செயின்

பின் ஹப்பின் இரு லாக்நட்டுகளுக்கு இடையிலான வெளி அளவை எடுங்கள். ரோட்ஸ்டரில் 110 மி.மீ. அளவில் இருக்கும். ரேஸ் வகையில் 130, மவுண்டன் பைக்கில் 135. ஆக்ஸில் குழாயாக உள்ளே நுழையும் புது வகைகளில் 142, 148. எஃகு ஃப்ரேமைச் சில மி.மீ. விரிக்கலாம். அலுமினியத்தை விரிக்கவே கூடாது.

பின் பல்சக்கரம் ஹப்பில் மரையாக ஏறினால் அது ஃப்ரீவீல். பள்ளம் மேடான உடலில் செருகி, மேலே வளையம் போட்டு இறுக்கினால் கேசட். விலை குறைந்த 21 கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் 7 பல் அடுக்கு ஃப்ரீவீல்தான். கேசட் கேட்டவருக்கு ஃப்ரீவீல் ஹப்பைக் கொடுத்தால் சக்கரமே வீண்.

செயின் எல்லாமே அரை அங்குலக் கண்ணிதான். அகலத்தில்தான் மாறும். ஒற்றைப் பல்சக்கர வண்டிக்கு உள் அகலம் 1/8 அங்குலம்; கியர் வண்டியில் 8 அடுக்கு வரை 3/32. 6, 7, 8 அடுக்குக்கு ஒரே செயின் போதும். 9, 10, 11 அடுக்குகளுக்குத் தனித்தனி. அடுக்கு கூடக் கூட செயின் மெலிந்துகொண்டே போகும்.

தேய்மானத்தை ஸ்கேலே சொல்லிவிடும். ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்ஜியத்தை வையுங்கள். புதுச் செயினில் 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் நடு சரியாக நிற்கும். 1/16 அங்குலம் தள்ளி நின்றால் செயினை மாற்ற வேண்டும். 1/8 தள்ளியிருந்தால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். அந்தச் செயினையும் பல்சக்கரத்தையும் விற்காதீர்கள்.

கியரும் பிரேக்கும்: கம்பி எவ்வளவு இழுக்கிறது?

ஷிஃப்டர் ஒரு சொடுக்கில் கம்பியை எவ்வளவு இழுக்கிறதோ, அதற்கேற்ற டீரெய்லர் வேண்டும். ஷிமானோவின் 9 அடுக்கு வரை ரேஸ், மவுண்டன் வகைகளின் பின் டீரெய்லரைப் பெரும்பாலும் மாற்றிப் போடலாம். 10 அடுக்கு மவுண்டன் வகையில் இழுப்பு மாறிவிட்டது. ஷிமானோ ஷிஃப்டரோடு ஸ்ராமின் 1:1 வகை டீரெய்லர் ஒத்துப்போகாது. சொடுக்கு இல்லாத பழைய நெம்பு ஷிஃப்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. அது கிடைத்தால் பத்திரமாக வையுங்கள்.

பிரேக்கில் தவறினால் ஆள் விழுவார். வி-பிரேக்குக்கு நீளமாக இழுக்கும் லீவர் வேண்டும். காலிப்பர் பிரேக்கின் லீவரைப் போட்டால், பிரேக் முழுதாகப் பிடிக்குமுன் லீவர் ஹேண்டிலைத் தொட்டுவிடும். மாறாக, காலிப்பர் பிரேக்குக்கு வி-பிரேக் லீவரைப் போட்டால் லீவர் கெட்டியாக இருக்கும், வண்டி நிற்காது. எண்ணெய் டிஸ்க் பிரேக்கில் ஷிமானோவுக்கு மினரல் ஆயில். ஸ்ராமின் பல வகைகளுக்கு டாட் திரவம். ஒன்றில் மற்றதை ஊற்றினால் ரப்பர் சீல் கெட்டுவிடும். விற்கும் பிரேக்கின் மேல் எந்த எண்ணெய் என்று எழுதி ஒட்டுங்கள்.

சீட் போஸ்ட் 0.2 மி.மீ. இடைவெளியில் பல அளவுகளில் வருகிறது. 27.2 பரவலானது. 27.0 போட வேண்டிய ஃப்ரேமில் 27.2-ஐ அடித்து இறக்கக் கூடாது. ஹேண்டில் நடுப்பகுதி 25.4, 26.0, 31.8 என வரும். ஸ்டெம் அதே அளவில் இருக்க வேண்டும்.

சரக்கு எடுக்கும்போது

ஃப்ரேமில் தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னால், கீழ்க்குழாயின் அடிப்பக்கம் விரலால் தடவுங்கள். பெயின்ட் சுருங்கியிருந்தால் முன்பக்கம் மோதிய வண்டி. பின் ஆக்ஸில் பொருந்தும் ஒரு பக்க முனையில் நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றி, மறுபக்க முனையில் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருந்தால் ஃப்ரேம் நேராக இருக்கிறது. ரிம்மில் பிரேக் கட்டை உரசும் பக்கம் குழிந்திருக்கிறதா, ஸ்போக் துளையைச் சுற்றிக் கீறல் இருக்கிறதா பாருங்கள். ஹப்பைத் திறந்து கோனில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். சிறிய பெண்டு எடுத்துவிடலாம். கீறல் விட்ட உலோகத்தைச் சரிசெய்ய முடியாது.

சிலவற்றைக் கையால் தொடவே வேண்டாம். பழைய ஹெல்மெட், ஒருமுறை விழுந்த கார்பன் சாமான், வளைந்த அலுமினிய ஹேண்டில், பழைய பிரேக் கம்பி. இவற்றில் கிடைக்கும் சில நூறு ரூபாய், யாரோ ஒருவரின் எலும்புக்கு ஈடாகாது.

ரசீது இல்லாமல் எதையும் வாங்காதீர்கள்

திருட்டு சைக்கிள் முதலில் வந்து சேரும் இடம் சாமான் கடைதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவின்படி, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குபவருக்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு. அதையே வழக்கமாக வைத்திருப்பவருக்கு ஆயுள் வரை போகலாம். விற்பவரின் பெயர், அடையாள அட்டை, கைபேசி எண், நடு ஆக்ஸில் குழாயின் அடியில் பொதுவாக இருக்கும் ஃப்ரேம் எண், வண்டியின் படம், கையெழுத்து ஆகியவற்றை ஒரே ரசீதில் வாங்கிவிடுங்கள். எண் சுரண்டப்பட்டிருந்தால் திருப்பி அனுப்புங்கள். அடுக்ககத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் சைக்கிள் என்றால் சங்கத்தின் கடிதம் வாங்குங்கள்.

ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வியாபாரிக்கு ஒரு சலுகை உண்டு. பழைய பொருளை உள்ளீட்டு வரி வரவு எடுக்காமல் வாங்கி, தன்மை மாறாமல் விற்றால், விதி 32(5)-இன்படி விலை வித்தியாசத்துக்கு மட்டும் வரி. முழு வண்டியைப் பிரித்து விற்பதை எப்படிக் கணக்கில் காட்டுவது என்பதைக் கணக்காளரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

விலை போடுவது

ஒரு பழைய கியர் சைக்கிளுக்கு 2,000 ரூபாய் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சக்கரங்கள் 1,000, கிராங்க் 400, டீரெய்லரும் ஷிஃப்டரும் 600, ஹேண்டிலும் மற்றவையும் 400 போகும் என்றால் மொத்தம் 2,400. லாபம் 400 என்று நினைத்து வாங்கக் கூடாது. மூன்று மாதத்துக்குள் நிச்சயம் போகும் சாமானை மட்டும் கூட்டுங்கள். அதிலிருந்து கழற்றித் துடைக்கும் நேரத்துக்கான கூலியைக் கழியுங்கள். மிச்சம்தான் நீங்கள் கொடுக்கக்கூடிய விலை. மீதிச் சாமான் விற்றால் அது கூடுதல்.

விற்கும் விலை புதுசின் விலையில் பாதியைத் தாண்டினால் வாங்குபவர் புதுசையே எடுத்துக்கொள்வார். ஷிமானோ டூர்னி போன்ற மலிவு வகையைப் பழசாக விற்று லாபம் பார்ப்பது கடினம். டீயோர் போன்ற மேல் வகை நல்ல விலைக்குப் போகும். கடையில் புதிதாகக் கிடைக்காத பழைய அளவுச் சாமானுக்கு இந்தப் பாதிக் கணக்கு பொருந்தாது. தேடி வருபவர் அதற்கு உரிய விலை தருவார்.

விற்பது

படத்தில் சாமானுக்குப் பக்கத்தில் காலிப்பரை வைத்து, அளவு தெரியும்படி எடுங்கள். கீறலையும் தேய்மானத்தையும் தனிப் படமாகப் போடுங்கள். விலை சொல்லுமுன் வாங்குபவரிடம் மூன்றைக் கேளுங்கள்: அவர் வண்டியின் படம், பழுதான சாமானின் படம், அதில் பொறித்த எண். பதிலில் சந்தேகம் இருந்தால் "வண்டியைக் கொண்டு வாங்க, பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லுங்கள், ஊகத்தில் விற்காதீர்கள். ஏழு நாளுக்குள் பொருந்தவில்லை என்றால் பணம் திரும்பும் என்று ரசீதில் அச்சடியுங்கள். திரும்பி வந்த ஒவ்வொரு சாமானையும், ஏன் சேரவில்லை என்ற காரணத்தோடு நோட்டில் குறித்து வையுங்கள். ஓராண்டில் அந்த நோட்டு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத பொருத்தப் பட்டியலாகிவிடும்.

இந்த வாரமே தொடங்க நினைத்தால் ஒரு ரோட்ஸ்டர், ஒரு 21 கியர் சைக்கிள் இரண்டை மட்டும் வாங்குங்கள். முழுதாகப் பிரித்து, மேலே சொன்ன அளவுகளை எடுத்துச் சீட்டுக் கட்டுங்கள். பிறகு இரண்டையும் மறுபடி பூட்டி ஓட்டிப் பாருங்கள். எது எதில் சேரும் என்று நோட்டைப் பார்க்காமல் சொல்ல வந்தபின் கடைப் பலகையை மாட்டலாம்.