சொல்லுக்குப் பொறுப்பு

நெகிரி செம்பிலானில் லிங்கி, ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் போன்ற வட்டாரங்களில் ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை பால்மரத் தோட்டங்கள் பரந்திருந்தன. தொழிலாளர்கள் லயத்து வீடுகளில் அடுத்தடுத்து வாழ்ந்தனர். ஒரு வீட்டின் சுவரே மறுவீட்டுக்கும் சுவர். விடியற்காலைப் பெரட்டில் ஒருவர் சொன்ன சொல், பால் நிறுக்கும் வேளைக்குள் தோட்டம் முழுவதும் பரவிவிடும். பேசுபவர் ஒருவர், அதன் விளைவைச் சுமப்பவர்களோ பலர். இவ்வுண்மையைத் தோட்ட வரலாற்றிலிருந்தே இரண்டு சான்றுகளைக் கொண்டு காண்போம்.

முதல் சான்று, கங்காணிகளின் வாக்குறுதி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் ரப்பர் பயிர் விரைந்து பெருகியது. தோட்டங்களுக்கு ஆள்பலம் தேவைப்பட்டது. நிர்வாகங்கள் தம்மிடம் வேலை செய்த ஒருவருக்கே உரிமம் பெற்றுத் தந்து, ஆள் சேர்த்துவர அவருடைய சொந்த ஊருக்கு அனுப்பின. அவரே கங்காணி. அவர் கொண்டுவரும் ஆள்களின் எண்ணிக்கைக்கு ஏற்பத் தரகுப் பணம் கிடைத்தது. கடனாலும் பஞ்சத்தாலும் வாடிய தமிழகச் சிற்றூர் மக்கள் அவருடைய பேச்சை நம்பினர். கைநிறையக் கூலி கிடைக்கும், சில ஆண்டுகளில் பணத்தோடு ஊர் திரும்பலாம் என்ற ஆசை வார்த்தைகளைக் கேட்டுப் பலர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறினர். வந்த இடத்தில் அவர்கள் கண்டவை காடு, மலேரியாக் காய்ச்சல், கடும் உழைப்பு ஆகியவையே. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம், உதவி பெற்று மலாயாவுக்கு வரும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்ததும் இம்முறை முடிவுக்கு வந்தது.

எல்லாக் கங்காணிகளும் பொய்யர்கள் அல்லர். உற்றார் உறவினரை அழைத்து வந்து, நல்லது கெட்டதில் துணை நின்றவர்களும் உண்டு. ஆயினும், ஆசை காட்டி அழைத்து வந்தவர்களின் செயலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோட்டத்து நிலைமை தெரியாமல் அவர்கள் பேசவில்லை. அங்கேயே உழைத்து, அனைத்தையும் கண்ட பிறகுதான் ஊருக்குச் சென்றார்கள். தெரிந்ததில் பாதியை மறைத்தார்கள். அந்தப் பாதிச் சொல்லை நம்பியவர்கள் கடல் கடந்து வந்துவிட்டதால், எளிதில் திரும்பிச் செல்லவும் இயலவில்லை.

இரண்டாவது சான்று, தொழிற்சங்கத் தலைவர் பி. பி. நாராயணன். 1923இல் கேரளத்தில் பிறந்த இவர், இரண்டாம் உலகப் போருக்குப் பின் நெகிரி செம்பிலானில் தோட்டத் தொழிலாளர்களிடையே சங்கப் பணியைத் தொடங்கினார். 1954இல் தனித்தனியே இயங்கிய தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. அதன் பொதுச் செயலாளராக அவர் பல்லாண்டுகள் தொண்டாற்றினார். 1962இல் ரமோன் மக்சேசே விருது பெற்றார். 1975இல் அனைத்துலகச் சுதந்திரத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவரானார்.

சங்கத் தலைவரின் முதன்மைக் கருவி சொல்லே. சம்பளப் பேச்சுவார்த்தையில் முதலாளிகள் ஒருபுறமும் தொழிலாளர்களின் பேராளர்கள் மறுபுறமும் அமர்வர். அங்கே தயாரிப்பின்றிப் பேச முடியாது. ரப்பர் விலை என்ன, ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு எத்தனை மரம் வெட்டுகிறார், அவர் குடும்பத்தின் செலவு எவ்வளவு என்பவற்றை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். கோபத்தில் விடும் ஒரு சொல் பேச்சுவார்த்தையை முறித்துவிடக்கூடும். அவசரத்தில் ஒப்புக்கொள்ளும் ஓர் எண், பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பைப் பாதிக்கும். முடிவில் பேசியவை எழுத்து வடிவம் பெறுகின்றன. இரு தரப்பும் கையொப்பமிடுகின்றன. அந்தக் கூட்டு ஒப்பந்தத்தைத் தொழில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டபின் அது இரு தரப்பையும் சட்டப்படி கட்டுப்படுத்துகிறது. பிறகு, தலைவர் தோட்டத்துக்குத் திரும்பி வந்து, கிடைத்தது எது, கிடைக்காதது எது என்பதைத் தொழிலாளர்களின் முகம் பார்த்து விளக்க வேண்டும். சொல்லுக்குப் பொறுப்பேற்பது என்பது இதுதான்.

இரண்டு சான்றுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இருவகையினரும் பேச்சுத் திறன் மிக்கவர்களே. ஆசை வார்த்தை கூறிய கங்காணியை, சொல் பொய்த்த பிறகு கேள்வி கேட்பார் இல்லை. சங்கத் தலைவரோ, தம் சொல்லின் விளைவோடு வாழ வேண்டியவர். கேள்வி கேட்பவர் முன் நிற்க ஆயத்தமாக இருப்பவரே சிந்தித்துப் பேசுகிறார்.

நாம் வாழும் மண்ணின் மரபும் இதையே வலியுறுத்துகிறது. அடாட் பெர்பாத்தே வழக்கத்தைப் பின்பற்றும் நெகிரி செம்பிலான் மலாய்ச் சமூகத்தில், கூடிப் பேசி ஒருமித்து முடிவெடுப்பது மரபு. எருமையைக் கயிற்றால் பிடிக்கலாம், மனிதனை அவன் வாக்கால்தான் பிடிக்க முடியும் என்பது மலாய்ப் பழமொழி. எல்லை தாண்டிய படகைப் பின்னுக்கு இழுக்கலாம், எல்லை தாண்டிய சொல்லோ கேட்டைத் தரும் என்பது மற்றொன்று. தமிழ் மரபிலும் இச்சிந்தனை ஆழமாக வேரூன்றியுள்ளது. இனியவை கூறல், புறங்கூறாமை, பயனில சொல்லாமை, வாய்மை, சொல்வன்மை எனச் சொல்லைப் பற்றியே திருவள்ளுவர் பல அதிகாரங்களை அமைத்துள்ளார்.

இன்று பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. லயத்துச் சுவர்களின் இடத்தைப் புலனக் குழுக்கள் பிடித்துக்கொண்டன. 'கோயில் கணக்கில் பணம் குறைகிறதாம்' என்று ஒருவர் குழுவில் எழுதுகிறார் என வைத்துக்கொள்வோம். அவர் எவர் பெயரையும் குறிப்பிடவில்லை. ஆனால், பொருளாளர் யார் என்பது ஊருக்கே தெரியும். மறுநாள் அவருடைய பிள்ளையைப் பள்ளியில் நண்பர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். கணக்கு சரியாகவே இருந்தது என்று பின்னர் தெரிய வந்தாலும், அந்தப் பார்வை உடனே மாறிவிடுவதில்லை. 'இருக்கிறதாம்', 'சொன்னார்களாம்' என்று முடித்துவிட்டால் பழி நம்மைச் சேராது என்று எண்ணுவது தவறு. பிறர் சொன்னதைப் பகிரும்போதும் அதைப் பரப்பியவர் நாமே. கணக்கில் ஐயம் இருந்தால் அதை நேரே நிர்வாகக் குழுவிடம் கேட்பதே பொறுப்பான வழி.

சட்டமும் இதைக் கருத்தில் கொள்கிறது. நம் நாட்டில் அவதூறுச் சட்டம் 1957ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. இணையத்தின்வழி பிறரைத் துன்புறுத்தும் நோக்கில் பொய்யான அல்லது மிரட்டும் செய்தியை அனுப்புவது, 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்படி குற்றமாகும். செய்தியின் உண்மையை அறிய, 2017 முதல் 'செபெனார்ஞா' என்னும் அரசாங்க இணையத்தளமும் செயல்பட்டு வருகிறது.

ஆகவே, பேசுவதற்கு முன் மூன்று கேள்விகளை எழுப்பிப் பாருங்கள். இது எனக்கு நேரடியாகத் தெரிந்ததா? இதனால் யார் பாதிக்கப்படுவார்? அவர் என் எதிரே நின்றால் இதையே சொல்வேனா? இவ்வளவு கவனத்துக்குப் பின்னும் சொல் தவறிவிட்டால், அதைத் திருத்தும் கடமை நமக்கு உண்டு. ஐம்பது பேர் முன்னிலையில் சொன்ன தவற்றை ஒருவரிடம் மட்டும் தனியே மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்ய முடியாது. சொல் எங்கெல்லாம் சென்றதோ, திருத்தமும் அங்கெல்லாம் செல்ல வேண்டும்.

அதற்காக, பேசாமலே இருப்பது சிறப்பு என்று எண்ணிவிடக் கூடாது. அன்று தொழிலாளர்கள் வாய்மூடி இருந்திருந்தால் சம்பள உயர்வு கிடைத்திருக்காது. பேச வேண்டிய இடத்தில் பேசுவோம்; பேசியதன் பக்கத்தில் நிற்போம்.