எழுத்தின் மூன்றாம் வடிவமும் வலைப்பக்கக் கலையும்

முன்னுரை

எழுத்துக்கு ஒலிவடிவம், வரிவடிவம் என இரு வடிவங்கள் உண்டு என்பதை இலக்கணம் பயிலத் தொடங்கும் மாணவர் அனைவரும் அறிவர். செவிக்குப் புலனாவது ஒலிவடிவம். கண்ணுக்குப் புலனாவது வரிவடிவம். கணிப்பொறியின் வருகைக்குப் பின்னர் எழுத்து மூன்றாவதாக ஒரு வடிவத்தையும் பெற்றுள்ளது. அதனை எண்வடிவம் என நாம் வழங்கலாம். அது செவிக்கும் புலனாகாது, கண்ணுக்கும் புலனாகாது. ஆயினும், தமிழில் வலைப்பக்கம் அமைப்போர் நாள்தோறும் எதிர்கொள்ளும் சிக்கல்களுள் பல இவ்வெண்வடிவத்தைப் பற்றியனவே. இதனைப் பேணாத வலைப்பக்கம் பார்வைக்கு எத்துணை அழகுடையதாயினும் படிப்போர்க்கு எட்டாமற் போகும் என்பதைச் சில சான்றுகளால் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வலையின் அடிப்படை எழுத்தே

ஜெனீவா நகரையொட்டி அமைந்துள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேய அறிஞர், ஆய்வாளர்களின் ஆவணங்களை ஒன்றோடொன்று இணைக்கும் திட்டம் ஒன்றை 1989ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் முன்வைத்தார். அத்திட்டமே உலகளாவிய வலையாக மலர்ந்து, 1991இல் பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டது. 1993 ஏப்ரல் 30ஆம் நாள் செர்ன் நிறுவனம் அம்மென்பொருளை உலகத்தார் அனைவருக்கும் உரிய பொதுவுடைமையாக்கியது.

வலைப்பக்கத்தை எழுதுவதற்கென அவர் வகுத்த எச்.டி.எம்.எல். என்னும் குறியீட்டு மொழி மிக எளியது. இது தலைப்பு, இது பத்தி, இது பிறிதோர் ஆவணத்திற்குச் செல்லும் இணைப்பு என எழுத்துக்கு அடையாளம் இடுவதே அதன் பணி. படமும் ஒலியும் அசைவும் பின்னர் வந்து சேர்ந்தவை. எனவே, வலையின் முதற்பொருள் எழுத்தே எனத் துணிந்து கூறலாம்.

எழுத்துருக் காலம்

தமிழ் வலைக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் எண்வடிவத்திற்குப் பொதுவான ஓர் ஒழுங்கு நடைமுறையில் இல்லை. எழுத்துரு அமைத்த ஒவ்வொருவரும் தத்தமக்கு ஏற்ற எண்களைத் தமிழ் வரிவடிவங்களுக்கு வழங்கினர். ஓர் எழுத்துருவில் ககரத்தைக் குறித்த எண் மற்றோர் எழுத்துருவில் மகரத்தைக் குறிக்கலாம். குறிப்பிட்ட எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அப்பக்கத்தைத் திறப்பவர் கண்டது பொருளற்ற இலத்தீன் எழுத்துகளின் குவியலே.

இந்நிலையை மாற்றப் பல முயற்சிகள் நிகழ்ந்தன. பல நாட்டுத் தமிழார்வலர்கள் கலந்துரையாடி டிஸ்கி என்னும் குறியீட்டை உருவாக்கினர். 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு டாம், டாப் என்னும் குறியீடுகளைத் தரமாக்கியது. இவை அனைத்திற்கும் மேலாக, உலக மொழிகள் யாவற்றிற்கும் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறி நிலைபெற்றது. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் அளிக்கப்பட்டிருந்தது. எனினும் நடைமுறையில் அது பரவப் பல ஆண்டுகள் ஆயின. 2010இல் தமிழ்நாட்டு அரசும் அதனை ஏற்றது.

இலக்கணமும் எண்ணும்

ஒருங்குறி தமிழ் எழுத்தை நோக்கும் முறை தமிழ் மாணவர் ஊன்றிக் கருதற்குரியது. மெய்யோடு உயிர் சேர உயிர்மெய் பிறக்கும் என்பது நம் இலக்கணம். ‘க்’ என்பதனோடு ‘அ’ சேரின் ‘க’ ஆகும். ஒருங்குறியிலோ ‘க’ என்பதே அடிப்படை. அதன் எண் 2965. அதனோடு 3021 என்னும் எண்ணுடைய புள்ளி சேர்ந்தால்தான் ‘க்’ பிறக்கும். அதாவது, நம் இலக்கணம் கூட்டிப் பெறுவதை ஒருங்குறி அடிப்படையாகக் கொள்கிறது. நம் இலக்கணம் அடிப்படையாகக் கொள்வதை ஒருங்குறி கூட்டிப் பெறுகிறது. 1988ஆம் ஆண்டின் இந்தியத் தரக்குறியீட்டைத் தழுவி இவ்வமைப்பு உருவானதே இதற்குக் காரணம். எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும் என்னும் கருத்தின் விளைவாக டேஸ் 16 என்னும் குறியீடு தோன்றியதும், அதனையும் 2010இல் அரசு ஏற்றதும் ஈண்டு நினைவுகூரத்தக்கன. எனினும் வலையில் இன்று வழங்குவது ஒருங்குறியே.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. ‘மரைக்காயர்’ என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் அதன் எழுத்து ஆறு. ஒருங்குறிக் கணக்கில் ம, ர, ஐகாரக் குறி, க, புள்ளி, க, கால், ய, ர, புள்ளி எனப் பத்து. வலையில் பெரிதும் வழங்கும் யு.டி.எஃப். 8 முறையில் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு வீதம் 30 பைட்டு. ஆங்கிலப் பெயர்களை மட்டும் மனத்திற்கொண்டு, பெயருக்கு 24 பைட்டு போதும் என நிரலாளர் ஒதுக்கிவிட்டால், ‘மரைக்காய’ என்ற அளவில் பெயர் வெட்டுண்டு நிற்கும்!

மற்றொன்றும் உண்டு. பெயர் எழுதும் கட்டத்தில் ‘எழுத்து மட்டுமே ஏற்கப்படும்’ என விதி வகுப்பது நிரலாளர் வழக்கம். ஒருங்குறியோ புள்ளியையும் உயிர்க்குறிகளையும் எழுத்து என்னும் வகையில் வைக்காமல், குறி என்னும் வேறு வகையில் வைத்துள்ளது. இதனை உணராது விதி வகுத்தால் ‘தமிழ்’ என்னும் சொல்லே பிழையென மறுக்கப்படும். படிவத்தை நிரப்ப வந்தவர் தம் பெயரில் என்ன பிழை என்று திகைப்பார். பிழை அவர் பெயரில் இல்லை.

கண்ணுக்கு ஒன்று, கணிப்பொறிக்கு வேறு

‘கௌ’ என்பதை முறையாகத் தட்டச்சிட்டால் ககரமும் ஔகாரக் குறியுமாக இரண்டு எண்கள் அமையும். பலரும் இதனை ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்துத் தட்டச்சிடுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கணிப்பொறிக்கோ பின்னது ‘கெ’, ‘ள’ என்னும் இரண்டு எழுத்துகள். ‘கௌரவம்’ எனத் தேடுபவர்க்குப் பிழைபடத் தட்டச்சிட்ட பக்கம் கிட்டாமற் போகலாம். அச்சில் வாசகர் பொறுத்துக்கொள்ளும் பிழை, வலையில் பக்கத்தையே மறைத்துவிடுகிறது. மெய்ப்புத் திருத்துவோர்க்கு இது புதியதொரு கடமையாகும்.

எழுத்தின் நிழல்

எண்வடிவத்தை முற்றிலும் இழக்கும் வழியும் ஒன்று உண்டு. அது பக்கத்தைப் படமெடுத்து வலையில் இடுவதாகும். பழைய மலர்களையும் நூல்களையும் அவ்வாறு இடுவோரின் நன்னோக்கம் போற்றுதற்குரியதே. ஆயினும் எழுத்தின் படம் எழுத்தாகாது. அது எழுத்தின் நிழலே. அதில் ஒரு சொல்லைத் தேட இயலாது. ஒரு வரியை மேற்கோளாக எடுத்துக்கொள்ளவும் இயலாது. எல்லாவற்றிற்கும் மேலாக, திரையில் உள்ளதை ஒலியாக மாற்றித் தரும் திரைவாசிப்பு மென்பொருளைக் கொண்டு பயிலும் பார்வையற்ற மாணவர்க்கு அப்பக்கம் வெற்றிடமாகிவிடும். எண்வடிவம் இருந்தாலன்றோ ஒலிவடிவம் பிறக்கும்!

இதனாலேயே, 1999ஆம் ஆண்டு மே திங்களில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வெளியிட்ட அணுகுதிறன் நெறிமுறைகள், படத்திற்கு நிகரான விளக்கத்தை எழுத்தில் தருதல் வேண்டும் என்பதை முதல் நெறியாக வைத்தன. பக்கத்தின் மொழி இன்னது எனக் குறிப்பதும் அந்நெறிகளுள் ஒன்று. தமிழ் எனக் குறித்தால்தான் வாசிப்பு மென்பொருள் தமிழ்க் குரலைத் தேர்ந்துகொள்ளும். நிரலில் ஒரு சொல் சேர்ப்பதே இதற்குப் போதும்.

படத்திலிருந்து எழுத்தை மீட்கும் எழுத்துணரி மென்பொருள்கள் இன்று தமிழுக்கும் வாய்த்துள்ளன. எனினும் மங்கிய அச்சும் பழைய எழுத்து வடிவங்களும் அவற்றை மயக்குவதுண்டு. மென்பொருள் மீட்டதைத் தமிழறிந்தார் ஒருவர் மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்துதல் இன்றியமையாதது.

எண்வடிவம் பேணியதன் பயனுக்கு மதுரைத் திட்டம் சிறந்த சான்றாகும். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய இத்தன்னார்வத் திட்டம், தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சிட்டு மெய்ப்புப் பார்த்து வலையில் வழங்கி வருகிறது. டிஸ்கியில் அமைந்த நூல்கள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. எழுத்து எழுத்தாகவே, அறிந்த குறியீட்டில் இருந்ததால் மீண்டும் தட்டச்சிட வேண்டிய தேவை எழவில்லை. குறியீட்டை மாற்றும் மென்பொருளே போதுமானதாயிற்று. படமாக மட்டும் இட்டிருந்தால் இம்மாற்றம் இத்துணை எளிதில் கைகூடியிராது.

முடிவுரை

ஓலைச்சுவடியில் இருந்ததைத் தாளுக்கு மாற்றிய பதிப்பாசிரியர்கள் எழுத்தை மட்டும் பெயர்க்கவில்லை; புள்ளியிடாத மெய்க்குப் புள்ளியிட்டனர், பாடவேறுபாடு நோக்கினர், பிரித்தறிய இயலாத சொல்லைப் பிரித்துக் காட்டினர். தாளிலிருந்து வலைக்கு மாற்றுவோர்க்கும் அத்தகைய பொறுப்பு உண்டு. நிரலாளர் தமிழ் எழுத்தின் இயல்பை அறிதல் வேண்டும். தமிழ் மாணவர் எழுத்தின் எண்வடிவத்தை அறிதல் வேண்டும். இவ்விருவரும் ஒருங்கிருந்து பணியாற்றக் கல்லூரியைப் போல் ஏற்ற இடம் பிறிதில்லை.

தமிழ்த்துறைகள் தத்தம் மலர்களுள் ஒன்றையேனும் ஆண்டுதோறும் மாணவர்களைக் கொண்டு ஒருங்குறியில் பெயர்த்து, மெய்ப்புத் திருத்தி, படிப்போர் தேடிக் காணும் வண்ணம் வலையேற்றலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பொறுமையும் எழுத்தறிவும் போதும். நம் முன்னோர் எழுதியதை அடுத்த தலைமுறை கண்ணாற் காண்பது மட்டும் போதாது. தேடினால் கிட்டவும், கேட்டால் ஒலிக்கவும் வேண்டும். அதற்கு வழிசெய்வதே இன்றைய எழுத்துப்பணி என்பது நம் துணிபு.