பிணை என்றால் என்ன? அகராதியைக் கேட்போம்

பக்கத்து வீட்டு அக்கா கடன் வாங்குகிறார். ஒரு காகிதத்தை உங்களிடம் கொண்டு வருகிறார்.

"ஒரு கையெழுத்துப் போடும்மா. சும்மா சாட்சிக்குத்தான்" என்கிறார்.

நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் 'பிணையாளர்' என்று அச்சடித்திருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டீர்கள். பி-ணை-யா-ளர். ஆனால் பொருள் தெரியவில்லை. யாரைக் கேட்பது? அக்காவையே கேட்டால் "சாட்சிதான்" என்பார். அவருக்கும் தெரியாமல் இருக்கலாம்.

இந்த இடத்தில்தான் அகராதி உதவும். அது யாருக்கும் வேண்டியவர் இல்லை, வேண்டாதவரும் இல்லை.

அகராதி என்றால் என்ன? அகரம் என்பது 'அ' என்ற எழுத்து. ஆதி என்றால் தொடக்கம். அ-வில் தொடங்கி, எழுத்து வரிசைப்படி சொற்களை அடுக்கி, பொருள் சொல்லும் புத்தகம் அகராதி. ஊரில் "அவன் அகராதி பிடித்தவன்" என்று திட்டுவார்கள். அந்தத் திட்டுக்குப் பயப்பட வேண்டாம். நாம் அகராதியைக் கையில்தான் பிடிக்கப் போகிறோம்.

முற்காலத்தில் நிகண்டு என்ற நூல்கள் இருந்தன. அவை பாட்டாக இருக்கும். மனப்பாடம் செய்தவர்களுக்குத்தான் பயன்படும். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியை எழுதினார். அதில் சொற்களை எழுத்து வரிசையில் அடுக்கினார். எழுத்து வரிசை தெரிந்த யாரும் சொல்லைத் தேடலாம் என்று ஆனது. பாட்டு தெரிய வேண்டியதில்லை.

சரி, 'பிணையாளர்' என்ற சொல்லைத் தேடுவோம்.

முதலில் சொல்லைச் சுருக்குங்கள். 'ஆளர்' என்பது ஆளைக் குறிக்கும் வால். தொழிலாளர், பங்காளர் என்பதில் வருவது போல. வாலை எடுத்தால் மிஞ்சுவது 'பிணை'. சிறிய அகராதியில் 'பிணையாளர்' இல்லாமல் போகலாம். 'பிணை' இருக்கும்.

அகராதியை நடுவில் பிரித்தால் பெரும்பாலும் ச, த பக்கங்கள் வரும். ப அதற்குப் பின்னால். ஆகவே முன்னே தள்ளுங்கள். பக்கத்தின் மேலே சொற்கள் அச்சிட்டிருக்கும். அந்தப் பக்கத்தில் எந்தச் சொல்லிலிருந்து எந்தச் சொல் வரை இருக்கிறது என்று அவை காட்டும். பேருந்தின் பலகை போல. அதை மட்டும் பார்த்துக்கொண்டே போங்கள். ப, பா, பி வந்ததும் நில்லுங்கள்.

இப்போது இரண்டாம் எழுத்து. மெய் எழுத்துகளின் வரிசை இது:

க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன

ட-வுக்கு அடுத்தது ண. ஆகவே 'பிடி'யைத் தாண்டினால் 'பிண' வரும். இன்றைய அகராதிகள் பெரும்பாலானவற்றில் புள்ளி வைத்த எழுத்து முன்னால் நிற்கும். அதனால் பிண்டம் முதலில். அப்புறம் பிணம், பிணி. அதற்குப் பின் பிணை.

கண்டுபிடித்துவிட்டோம். ஆனால் அங்கே ஒரு பொருள் இல்லை, பல பொருள் இருக்கும். 'வி.' என்று போட்டிருந்தால் அது வினைச்சொல். சேர்த்துக் கட்டு என்று பொருள். 'பெ.' என்றால் பெயர்ச்சொல். பெண்மானுக்கும் பிணை என்று பெயர் உண்டு. மற்றொருவருக்காக ஏற்கும் பொறுப்பு, ஜாமீன் என்றும் பொருள் உண்டு. நம் காகிதத்தில் மான் இல்லை. கடன் இருக்கிறது. ஆகவே நமக்கு வேண்டியது ஜாமீன். முதலில் இருக்கும் பொருளை எடுத்துக்கொண்டு புத்தகத்தை மூடிவிடக் கூடாது. கடைசி வரை படித்து, நம் காகிதத்துக்குப் பொருந்துவதை எடுக்க வேண்டும்.

இப்போது யோசியுங்கள். சாட்சி வேறு, பிணை வேறு. சாட்சி, தான் பார்த்ததைச் சொல்பவர். பணம் கட்ட வேண்டியதில்லை. பிணையாளர் அப்படி இல்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ, பிணையாளருக்கும் அவ்வளவு பொறுப்பு. அக்கா கட்டாவிட்டால் உங்களைக் கேட்பார்கள். கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். தெரிந்து போடுங்கள்.

வினைச்சொல்லைத் தேடும்போது இன்னொரு சிக்கல் வரும். 'கேட்டார்' என்று தேடினால் கிடைக்காது. 'கேள்' என்று தேட வேண்டும். 'நின்றாள்' என்பதற்கு 'நில்'. 'கண்டோம்' என்பதற்கு 'காண்'. ஒருவருக்குக் கட்டளையிடுவது போலச் சொல்லிப் பாருங்கள். அந்தச் சொல்தான் அகராதியில் இருக்கும்.

ர, ற தடுமாற்றம் நம்மில் பலருக்கு உண்டு. அக்கரை என்றால் அந்தப் பக்கத்துக் கரை. அக்கறை என்றால் ஈடுபாடு. ஒரு எழுத்தில் தேடிக் கிடைக்காவிட்டால் மற்ற எழுத்தில் தேடுங்கள். ல, ழ, ள-வுக்கும் இதே வழிதான். செல்பேசியில் உள்ள அகராதியிலும் எழுத்து தப்பினால் சொல் கிடைக்காது.

பெங்களூரில் வாழும் நமக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. இங்கே கடன் காகிதம் கன்னடத்திலும் வரும். அதில் 'சால' என்று படித்துக் காட்டினால் அது சாலை அல்ல, கடன். 'ஜாமீனு' என்றால் நம் பிணைதான். கன்னடத்தில் 'சம்சார' என்றால் குடும்பம். நம் பேச்சில் சம்சாரம் என்பது மனைவி. 'அவகாச' என்றால் அங்கே வாய்ப்பு, இங்கே நேரம். கேட்க ஒன்றாக இருக்கும் சொல்லைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும்.

உறவும் நிறைய உண்டு. நம் ப அங்கே ஹ ஆகிறது: பால் - ஹாலு, பத்து - ஹத்து, பூ - ஹூவு. நம் வ அங்கே ப ஆகிறது: வாழை - பாளெ, வாடகை - பாடிகெ. இந்தப் ப-வை, பஸ் என்னும்போது சொல்வது போலச் சொல்லுங்கள்.

ஜெர்மனியிலிருந்து வந்த கிட்டல் பல ஆண்டுகள் உழைத்துச் செய்த கன்னட - ஆங்கில அகராதி 1894-இல் மங்களூரில் வெளிவந்தது. நம் காலத்தில் ஜி. வெங்கடசுப்பையா இருந்தார். கன்னட சாகித்ய பரிஷத்தின் பேரகராதிக்கு உழைத்தவர். 'பிரஜாவாணி' நாளிதழில் வாசகர்கள் கேட்ட சொற்களுக்கு விளக்கம் எழுதியவர். 2021-இல், 107 வயதில், இதே பெங்களூரில் காலமானார். சொல்லைக் கேட்க யாரும் வெட்கப்படவில்லை என்பதற்கு அவர் பத்தியே சாட்சி. பிணை அல்ல!

அகராதிக்கு நிறைய செலவு செய்ய வேண்டாம். அவென்யூ சாலையில் பழைய புத்தகங்கள் விற்கிறார்கள். நல்ல தாளும் பெரிய எழுத்தும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வாங்குவதற்கு முன் 'பிணை' இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

பயிற்சி

1. இவற்றை அகராதி வரிசையில் எழுதுங்கள்: வட்டி, அசல், தவணை, ஈடு, முதல்.

2. 'முதல்', 'ஈடு' இரண்டுக்கும் பல பொருள் உண்டு. கடன் காகிதத்துக்குப் பொருந்தும் பொருள் எது?

3. உங்கள் வீட்டில் உள்ள ஏதாவது ஒரு காகிதத்தை எடுங்கள். ரேஷன் அட்டை, வாடகை ஒப்பந்தம், எதுவானாலும் சரி. புரியாத மூன்று சொற்களைக் குறித்து, அகராதியில் தேடி எழுதுங்கள்.